நிலத்துக்கும் ஒரு வரைபடம் கேளுங்கள்: நீலகிரியில் கட்டட அனுமதி வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்தின் உள்ளாட்சி அமைப்புகளில் கட்டட வரைபடங்களைப் பரிசீலித்துக் கையொப்பமிடும் அலுவலர்களுக்கும், மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் பள்ளிகளுக்கும் தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இதற்கு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு காலத்தில் நான் கால் வைத்த மனைகளில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் அலுவலக முத்திரை பதித்த வரைபடம் இருந்தது. அதில் சுவரின் கனம் முதல் படிக்கட்டின் அகலம் வரை எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். வீட்டைச் சுற்றியுள்ள நிலம் மட்டும் ஒரு வெற்றுக் கட்டமாக, சில வேளைகளில் பச்சைப் பென்சிலால் தீட்டப்பட்டு, 'தோட்டம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கும். கட்டடத்துக்கு அனுமதி தரும்போது, அந்த வெற்றுக் கட்டத்துக்குள் மண் எங்கே வெட்டப்படுகிறது, தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது, எது நடப்படுகிறது என்பதற்கும் சேர்த்தே அனுமதி தர வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

விதிகளே இல்லை என்று நான் குறை கூறவில்லை. மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1955-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. உங்கள் குழுமம் 1990-இல் அமைந்தது. 1993-இல் மலை நகரங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் வந்தன. கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்று எங்கள் ஊர்க் கொத்தனாருக்குக் கூட மனப்பாடம். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் பத்தாம் பகுதி நில அமைப்பைப் பற்றியே பேசுகிறது. கட்டுமானத்தின்போது மேல்மண்ணையும் ஏற்கெனவே நிற்கும் மரங்களையும் எப்படிக் காப்பது என்று கூட அதில் இருக்கிறது. மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 14458 என்ற தொகுதி உண்டு. இவை அனைத்தும் தனித்தனியாக எங்கோ இருக்க, உங்கள் மேசைக்கு வரும் கோப்பில் கட்டடத்தின் உயரம் மட்டுமே அளக்கப்படுகிறது. அந்தக் கட்டடம் நிற்பதற்காகப் பின்புறம் பதினைந்து அடிக்குச் செங்குத்தாக வெட்டப்பட்ட மண்ணின் உயரத்தை யாரும் அளப்பதில்லை.

சமவெளியில் வீட்டைச் சுற்றியுள்ள காலியிடம் பெரும்பாலும் அவரவர் சொந்த விஷயம். அங்கே ஒருவர் தம் முற்றத்தில் ரோஜா வைத்தாலும் சிமென்ட் பூசினாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெரிதாக ஒன்றும் நேர்ந்துவிடாது. இங்கே என் தோட்டத்தின் அடிமட்டம் உங்கள் கூரையின் மட்டத்தில் இருக்கிறது. என் நிலத்தில் விழும் மழை உங்கள் சமையலறைச் சுவரைத் தாண்டித்தான் ஓடைக்குப் போக வேண்டும். ஐந்து சென்ட் மனை ஒன்றில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ இருபதாயிரம் லிட்டர் தண்ணீர் வந்து சேர்கிறது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் பதிவானது 82 செ.மீ. அந்தக் கணக்கில் அதே ஐந்து சென்டில் ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் லிட்டர் இறங்கியிருக்கும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் பதின்மூன்றுக்கு மேல் வந்து, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மனையில் கொட்டிவிட்டுப் போனதற்குச் சமம். அந்த நவம்பரின் சில நாள்களுக்குள் மாவட்டம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண் சரிந்த 1978-இலும், மரப்பாலத்தில் சரிந்த 1993-இலும் அது நவம்பராகவே இருந்தது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி ஆகிய கிழக்குச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய சோதனை என்பதையும், கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கத்துக்கு அது தென்மேற்குப் பருவமழை என்பதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 2009-இல் சரிந்தவற்றில் ஒன்றில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் பிறரைக் குறை கூறுவது நேர்மையாகாது. வெளியூர்க்காரர் ஒருவர் கட்டிய ஓய்வு வீட்டுக்குச் சமதளமான புல்தரை வேண்டும் என்றார். சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே முன்புறம் தள்ளிப் பரப்பி, அதைத் தாங்குவதற்குப் பன்னிரண்டடி உயரத்தில் சிமென்ட் சுவர் ஒன்று எழுப்பியிருந்தார்கள். சுவரில் நீர் வடியும் துளைகள் இல்லை. செம்மண் நீர் வழிந்து வெள்ளைச் சுவரில் கறை படியும் என்று உரிமையாளர் வேண்டாம் என்றாராம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கிக்குயுப் புல்லைப் பதித்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாவது நவம்பரில் சுவர் கீழ்வீட்டின் சமையலறை மீது விழுந்தது. அந்த இரவு அவ்வீட்டார் உறவினர் வீட்டுக்குப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது, நான் பதித்த புல்தரை பாய் சுருட்டியதுபோல் சுருண்டு அவர்களுடைய அடுப்பின் மேல் கிடந்தது. புல்லின் வேர் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை இறுகப் பிடித்திருந்தது. அதற்குக் கீழே பிடித்துக்கொள்ள எதுவும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து எந்த மனைக்குப் போனாலும் முதலில் வெட்டிய மண் எங்கே போயிற்று என்று பார்ப்பது என் வழக்கம். எங்கள் மலையின் மேல்மண் கறுப்பாக, இலைமக்கு நிறைந்து, கையில் எடுத்தால் பஞ்சுபோல் இருக்கும். அதன் கீழே செம்மஞ்சள் களிமண்; அதற்கும் கீழே பாறை உளுத்து மாவாகிக் கொண்டிருக்கும் அடுக்கு. பொக்லைன் வண்டி ஒரு மணி நேரத்தில் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து சரிவின் விளிம்பில் தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளிய மண்ணுக்கும் பழைய சரிவுக்கும் இடையில் ஒட்டு கிடையாது. பழைய சரிவில் இருந்த புல்லும் புதரும் உள்ளேயே அழுகி வழுக்குத் தளமாகிவிடும். கோடையில் அது திடமான நிலம் போலத் தோன்றும். அதன் மேல் கல் பாவி, கார் நிறுத்தி, ஊஞ்சலும் போட்டுவிடுவார்கள். பிறகு செடி வளரவில்லை என்று எங்களைக் கூப்பிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து லோடு லோடாகச் செம்மண்ணும் தொழு உரமும் வரவழைப்பார்கள். முதல் நாளே மேல்மண்ணைத் தனியாக வழித்தெடுத்து, தார்ப்பாய் போட்டு மூடிவைத்து, வேலை முடிந்தபின் திரும்பப் பரப்பியிருந்தால் அந்தச் செலவே இல்லை. பெரிய ஒற்றை வெட்டுக்குப் பதிலாக வீட்டையே இரண்டு மூன்று மட்டங்களாகச் சரிவோடு இறக்கிக் கட்டினால் வெட்ட வேண்டிய மண்ணே பாதியாகக் குறையும். பழைய எஸ்டேட் பங்களாக்களும் ஹட்டி எனப்படும் படகர் ஊர்களின் வீடுகளும் மலையின் போக்குக்கு இணங்கி நிற்பதைப் பார்த்தும் நாம் தரைமட்டமான வீட்டுக்கே ஆசைப்படுகிறோம்.

சுவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் நில அமைப்புக்கு ஆகும் பணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. சுவருக்குப் பின்னால் உள்ள மண் காய்ந்திருக்கும்போது தள்ளுவதைப் போல, நீர் நிரம்பி நிற்கும்போது இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளும். ஆகவே மண்ணைத் தடுப்பதோடு தண்ணீரை வெளியே விடுவதும் சுவரின் வேலை. பின்புறம் ஓரடி கனத்துக்குச் சல்லிக்கல் நிரப்பி, மூன்று நான்கு அங்குலக் குழாய்களை ஐந்தாறு அடி இடைவெளியில் வரிசையாகப் பதித்து, அவற்றின் வாய் வெளிப்பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும்படி வைத்தால் போதும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு அந்தச் சுவருக்கு அடிக்கும் வண்ணப் பூச்சை விடக் குறைவு. சுவரின் அடி அகலம் அதன் உயரத்தில் பாதிக்கு அருகிலாவது இருக்க வேண்டும் என்பது கல் கட்டும் பழைய கொத்தனார்களின் கைக்கணக்கு. சிமென்ட் சேர்க்காமல் கல்லைக் கல்லோடு பொருத்தி, மலைப்பக்கம் சாய்த்துக் கட்டிய பழைய கட்டுகள் தாமாகவே நீரைக் கசியவிடும். இடுக்குகளில் பெரணி முளைத்து, நூறு மழை பார்த்தும் நிற்கின்றன. அப்படிக் கட்டத் தெரிந்தவர்கள் கோத்தகிரிப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வேலைக்குக் கூப்பிடத்தான் ஆளில்லை. பன்னிரண்டடிச் சுவர் ஒன்று எழுப்புவதற்குப் பதிலாக நான்கடிச் சுவர்கள் மூன்றைப் படிப்படியாகப் பின்வாங்கிக் கட்டி, இடையில் உள்ள மட்டங்களில் செடி வைக்கலாம். இடம் கொஞ்சம் கூடுதலாகப் போகும் என்பது உண்மை. அந்த இடத்தைக் கொடுக்க முடியாத மனை, அந்தக் கட்டடத்துக்கு ஏற்ற மனையே இல்லை என்று சொல்லும் துணிவு உங்கள் கையொப்பத்துக்கு இருக்க வேண்டும்.

இனி, உங்களில் சிலருக்கு உவப்பில்லாத ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்நாடு முழுவதும் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது; சென்னையின் கிணறுகளுக்கு அது செய்த நன்மையை மறுக்க மாட்டேன். ஆனால் மணற்பாங்கான சமதளத்துக்கென்று எண்ணப்பட்ட உறிஞ்சுகுழியை அப்படியே தூக்கி வந்து, செங்குத்துச் சரிவின் உச்சி விளிம்பில் வெட்டச் சொல்வது, சரிவுக்குள் தண்ணீரைக் குத்தி ஏற்றுவதற்கு ஒப்பாகும். இங்கே கூரைநீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை குடிநீருக்கு அலையும் ஊர்களில் அந்தத் தொட்டிக்கு வேலை இருக்கவே செய்கிறது. தொட்டி நிரம்பி வழிவதைப் படிப்படியான கல் வாய்க்கால் வழியே, வேகத்தை உடைத்து உடைத்து, இயற்கையான ஓடையில் கொண்டு சேர்க்க வேண்டும். மென்மையான சரிவிலும் பள்ளத்தாக்கின் அடிமட்டத்திலும் மண்ணுக்குள் இறக்கலாம். சரிவின் கோணம் பார்க்காமல் எல்லா மனைக்கும் ஒரே குழி என்பது ஆபத்து. செப்டிக் டேங்கின் கசிவுக் குழிக்கும் இதே கணக்குத்தான். மழையே இல்லாத மார்ச் மாதத்தில் சுவர் ஈரமாக இருந்தால், மேல்வீட்டுக் குளியலறையைப் போய்ப் பாருங்கள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

தண்ணீரைப் பார்க்கக் கற்றது என் அப்பாவிடம். அவர் சாஸ்திரி – சிரிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர். தாயகம் திரும்பியவர்களுக்கென அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். தேயிலைச் சரிவில் மழைநீரை வாங்கி மெதுவாக விடுவதற்கு வெட்டும் வாய்க்காலை அவர்கள் கான் என்பார்கள். கான் வெட்டும் வேலை எளிதாகத் தெரியும். ஆனால் சாய்வு சற்றுக் கூடினால் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும், சற்றுக் குறைந்தால் தேங்கிக் கரையை உடைக்கும். சில கெஜத்துக்கு ஒருமுறை உள்ளே சிறு பள்ளம் விட்டு, அடித்து வரும் வண்டலை அதில் தங்கவைத்து, மழை முடிந்ததும் அதை அள்ளி மீண்டும் செடியின் தூரிலேயே போடுவார்கள். இன்று அதே தேயிலைத் தோட்டங்கள் துண்டு துண்டாக மனைகளாகும்போது முதலில் தூர்ந்து போவது இந்தக் கான்கள்தாம். மேல் மனைக்காரர் தம் எல்லையில் கானை மூடி வண்டிப்பாதை போடுகிறார்; நான்கு மனை தள்ளிக் கீழே இருப்பவரின் முற்றம் திடீரென்று ஓடையாகிறது; இருவருக்கும் வழக்கு. தோட்ட நிலத்தை மனையாக்க அனுமதி கேட்டு வரும் எவரும் பழைய கான்களும் ஓடைகளும் சதுப்புகளும் எங்கே இருந்தன என்று குறித்துக் காட்டாவிட்டால் அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

செடிகளுக்கு வருகிறேன். அழகுக்காகக் கொண்டுவந்த செடி காட்டுக்குள் போய் என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவில் எங்கள் மலையைப் போன்ற பாடம் வேறு குறைவு. உதகையின் தாவரவியல் பூங்கா 1848-இல் தோட்டக்கலைஞர் மெக்ஐவரின் கையில் உருவானது. 1874-இல் குன்னூரில் சிம்ஸ் பூங்கா. அவற்றின் அழகில் எனக்குக் குறையில்லை. என் தொழிலே அங்கிருந்து தொடங்கியதுதான். ஆனால் தம் ஊர் நினைவுக்காக வெள்ளையர்கள் மஞ்சள் பூவுக்கென்று வளர்த்த ஸ்காட்ச் புரூமும் கோர்ஸும் இன்று மேல் நீலகிரியின் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. உண்ணிச்செடி அலங்காரச் செடியாக வந்ததே. வேலியோரம் ஆரஞ்சுப் பூவுக்காக வைத்த செஸ்ட்ரம் சோலைக் காடுகளின் விளிம்புகளில் புகுந்து நிற்கிறது. சதுப்புகளில் வெள்ளை வெளேரென்று நிற்கும் லில்லியைப் படமெடுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்து எங்கள் சதுப்புகளில் குடியேறியது என்று தெரியாது. சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) விறகுக்கும் தொழிலுக்கும் வந்தவை. அவற்றால் புல்வெளி போன கதையை எல்லோரும் அறிவர். 2022-இல் பரவும் அயல் செடிகளை அகற்றுவதற்கென்று மாநில அரசே ஒரு கொள்கை வெளியிட்டது. ஒரு துறை காட்டுக்குள் பணம் செலவழித்து வேரோடு பிடுங்கும் செடியையே, இன்னொரு துறை அனுமதி தந்த விடுதி தன் வாசலில் காசு கொடுத்து வாங்கி நடுகிறது. மனை வரைபடத்தோடு நடப்போகும் செடிகளின் பட்டியலையும் கேட்டு, பரவும் இனங்களை அடித்துவிட்டால் இந்த முரண்பாடு தீரும்.

எல்லா அயல் செடிகளையும் ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஹைட்ரேஞ்சியா இருந்துவிட்டுப் போகட்டும். அது வைத்த இடத்திலேயே நிற்கும். பேரியும் பிளம்ஸும் எங்கள் வீட்டு மரங்களே. சரிவைப் பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் எங்கள் மண்ணுக்குரியவை முதலில் நிற்கட்டும் என்கிறேன். காட்டு நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், பிக்கி, சிவப்பாய்ப் பூக்கும் ரோடோடென்ட்ரான் என்று சோலை மரங்கள் மெதுவாக வளரும். ஆனால் ஆழமாகவும் அகலமாகவும் வேர் விடும், காற்றில் எளிதில் சாயாது. தவிட்டுப்பழச் செடியும் ஊசிக்களாவும் வேலிக்கு ஏற்றவை. ஒன்று பழம் தரும், மற்றொன்று முள்ளும் பழமும் தரும். குன்னூரின் 1,850 மீட்டரில் தளதளக்கும் செடி உதகையின் 2,240 மீட்டர் உறைபனியில் ஒரே இரவில் கருகிவிடும் என்பதால் மாவட்டத்துக்கு ஒரே பட்டியல் பயன்படாது. பர்லியாறு, குன்னூர்–கோத்தகிரி, உதகை, கூடலூர் என்று நான்கு பட்டியல்களாவது வேண்டும். வெட்டிவேர் பத்தடி ஆழம் வரை வேர் விட்டு மண்ணைத் தைப்பது போலப் பிடிக்கும்; ஆயினும் பனி விழும் உச்சிகளில் அதை நம்ப முடியாது, தாழ்ந்த சரிவுகளுக்கே அது பொருந்தும். இந்த நாட்டுக் கன்றுகள் கிடைப்பதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. பெட்டூனியா ஆயிரம் கேட்டால் மறுநாள் வந்துவிடும். காட்டுச் செண்பகம் பத்து கேட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் அவற்றின் பெயர் ஏறினால், நாற்றங்கால்காரர்கள் தாமாகவே விதை பொறுக்கக் கிளம்புவார்கள்.

மரம் வெட்டுவதிலும் ஒரு திருத்தம் தேவை. வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் கற்பூர மரத்தை வெட்ட முறைப்படி அனுமதி கொடுக்கிறீர்கள், நல்லது. வெட்டிய மரத்தின் வேர் உடனே சாவதில்லை. சில ஆண்டுகள் கழித்து உள்ளே அழுகிப் பிடி தளரும்போதுதான் சரிவு பலவீனமாகிறது. அதற்குள் புதிய வேர்கள் அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும். எனவே அடிமரத்தைத் தோண்டி எடுக்காமல் விட்டுவைப்பதும், வெட்டுவதற்கு முன்பே பக்கத்தில் நாட்டுக் கன்று நட்டுவைப்பதும், ஒரே சரிவில் உள்ள மரங்களைப் பல ஆண்டுகளில் பிரித்து வெட்டுவதும் அனுமதியின் நிபந்தனைகளாக இருக்கட்டும். இன்னொன்றும் உண்டு. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் மரமில்லாத இடமெல்லாம் வெற்றிடம் என்ற எண்ணம் மலைக்கு ஒத்துவராது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பது புல்வெளியில்தான். தோடர்கள் தம் கோயில்களை வேயும் புல் வளர்வது சதுப்பில்தான். ஒரு பெரிய மனையில் அத்தகைய புல்வெளித் துண்டோ சதுப்போ தப்பிப் பிழைத்திருந்தால், அதன் மேல் கன்று நடாமல் சும்மா விடுவதே அங்கே செய்யக்கூடிய சிறந்த தோட்டவேலை.

வேலிகள் குறித்துச் சுருக்கமாக ஒன்று. காட்டுமாடுகள் குன்னூர்த் தெருக்களில் நடப்பதைக் கண்டு பழகிவிட்டோம். அவை பழகிய தடத்தின் குறுக்கே ஒருவர் கூர்க்கம்பி வேலி போட்டால் அவை அடுத்தவர் படிக்கட்டு வழியாக இறங்கும். எல்லை முழுவதையும் அடைத்தே தீர வேண்டும் என்றில்லை. வீட்டைச் சுற்றி அடைத்து, ஓடைக்கரைத் தடத்தைத் திறந்து விட்டாலே பாதிப் பிரச்சினை குறையும்.

இவை எல்லாம் தனி மனைக்கானவை. உண்மையில் ஒரு சரிவுக்கு ஒரே தோட்டம்தான் இருக்க முடியும். எல்லைக்கல் நமக்குத் தெரியும், தண்ணீருக்குத் தெரியாது. படகர் ஹட்டிகளில் வரிசை வீடுகளுக்கு முன்னால் பொது முற்றம் ஒன்று நீளமாக ஓடும். அதன் வாய்க்காலை ஊரே சேர்ந்து சுத்தம் செய்யும். புதிய மனைப்பிரிவுகளில் அப்படிப்பட்ட பொது வாய்க்காலுக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டால், விற்றுவிட்டுப் போன தரகரைக் காட்டுகிறார்கள். பத்து மனைக்கு மேல் உள்ள எந்தப் பிரிவிலும் மேலிருந்து கீழ்வரை நீர்வழியைத் தொடர்ச்சியாக வரைந்து, அதைப் பராமரிக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் பதிவுசெய்த பிறகே தனித்தனி வீடுகளுக்கு அனுமதி என்று ஆக்கினால், ஆண்டுக்கு இரண்டு நாள் மண்வெட்டி வேலையில் அது முடிந்துவிடும்.

இதனால் செலவு கூடும், சாதாரண மக்கள் வீடு கட்ட முடியாமல் போகும் என்ற கேள்வி எழும். அது நியாயமான கேள்வி. மூன்று சென்டில் கடன் வாங்கிக் கட்டுபவரிடம் பொறியாளர் சான்று, நிலவியல் சான்று என்று காகிதம் காகிதமாகக் கேட்டால் அது லஞ்சத்துக்குத்தான் வழிவிடும். என் அனுபவத்தில், சிறு வீட்டுக்கு நான் சொல்பவற்றில் பெரும்பாலானவை செலவைக் குறைப்பவை: குறைவாக வெட்டுதல், மேல்மண்ணைச் சேமித்தல், ஒட்டுமொத்தமாகக் கான்கிரீட் பாவாமல் நடைபாதைக்கு மட்டும் கல் பதித்தல், தண்ணீர் கேட்காத செடிகளை நடுதல். விடுதிகளுக்கும் பெரிய ஓய்வு வீடுகளுக்கும் கடுமையாக இருங்கள். சிறு மனைக்கு ஒரே ஒரு தாள் போதும். அதில் சரிவின் கோணம், வெட்டும் உயரம், வெட்டிய மண் போகும் இடம், கூரைநீர் ஓடைக்குச் சேரும் வழி, நிற்கும் மரங்கள், நடப்போகும் செடிகள் ஆகியவை கையால் வரைந்திருந்தால் கூடப் போதுமானது. அந்தத் தாளை நிரப்ப உதவுவதற்கு உதகையிலேயே மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்குள்ள அறிஞர்களை ஆண்டுக்கு ஒருமுறை கொத்தனார்களுக்கும் பொக்லைன் ஓட்டுநர்களுக்கும் எங்களைப் போன்ற தோட்டக்காரர்களுக்கும் வகுப்பெடுக்க அழையுங்கள். வரைபடத்தில் கையொப்பமிடுபவரை விட, பொக்லைனின் கைப்பிடியைப் பிடித்திருப்பவரே பல மனைகளின் தலையெழுத்தை முடிவு செய்கிறார்.

அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடியும்வரை கிழக்குச் சரிவுகளில் புதிதாக மண் வெட்ட அனுமதி தராதீர்கள். செப்டம்பர் இறுதிக்குள் திறந்து கிடக்கும் வெட்டுகள் அனைத்தும் சுவரோ புல்லோ போர்த்தி மூடப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒழுங்கை முதலில் அரசுக் கட்டடங்களிலேயே செய்து காட்டுங்கள். அலுவலக வளாகங்களின் பின்புறம் செங்குத்தாக நிற்கும் வெட்டுகளை நாங்கள் பார்க்காமல் இல்லை.

கடைசியாக, ஆய்வுக்கு வரும் நேரத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலர்கள் பெரும்பாலும் வெயில் அடிக்கும் பிற்பகலில் நாடாவோடு வருகிறார்கள். அப்போது எல்லா மனையும் நல்ல மனையாகவே தெரியும். அனுமதி தருவதற்கு முன் ஒருமுறையும், பணி முடிவுச் சான்று தருவதற்கு முன் ஒருமுறையும், அரை மணி நேரமாவது பலத்த மழை பெய்யும்போது வந்து, மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லை வரை தண்ணீரோடு நடந்து பாருங்கள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் நான் அமைத்த தோட்டங்களில் சரியாக அமைந்தவற்றையும் தவறாக அமைந்தவற்றையும் அப்படி ஒரு மழை நாளில் உடன் வந்து காட்ட ஆயத்தமாக இருக்கிறேன். அட்டைகளுக்குப் போட உப்பும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோத்தகிரியிலிருந்து ஒரு தோட்டக்காரர்